ஒன்பது பார்சலும் ஒரே எலியும்

உலகத்தில் உள்ள பொருள்கள் அத்தனையையும் இரண்டே வகையாகப் பிரித்தவர் ஒரிஜினல். அவருடைய கம்பெனி தயாரித்தது ஒரு வகை. மற்றதெல்லாம் லோக்கல். இந்த இரண்டாவது வகையில் செம்பரம்பாக்கம் ஏரி, எங்கள் வொர்க்ஸ் மேனேஜர், என்னுடைய பி.ஏ. பட்டம் எல்லாமே அடக்கம்.

ஒரிஜினல் என்பது நாங்கள் வைத்த பெயர். அவருடைய நிஜப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் இருந்திருக்கும். ஆனால் கம்பெனிச் சின்னம் உள்ள பக்கம் வெளியே தெரியும்படி அட்டையை எப்போதும் திருப்பித்தான் போட்டிருப்பார். பெயர் அவருடைய மார்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எண்பதுகளின் பின்பாதி அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. இன்டர்வியூவில் "கீபோர்டு தெரியுமா?" என்று கேட்டார்கள். டைப்ரைட்டிங்கில் லோயர் தேறி, ஹையரில் இரண்டு முறை கோட்டை விட்டவன் என்ற துணிச்சலில் "தெரியும்" என்றேன். மறுநாளே கம்ப்யூட்டர் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். பரண்மேல் ஏறத் தெரியும் என்று சொன்னவனை விமானம் ஓட்டக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மொத்தத் தொழிற்சாலையிலும் ஏ.சி. இருந்த ஒரே அறை அது. மேனேஜருக்குக்கூட மின்விசிறிதான். நடுவில் பீரோ உயரத்துக்கு மெஷின். பக்கத்தில், அச்சடிக்கும்போது தகரக் கூரைமேல் மழை பெய்கிற சத்தம் போடும் ஒரு பிரிண்டர். அப்பளம் அளவு பிளாப்பிகள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். வீட்டுக்குப் போனால் அம்மா வைக்கும் ரசம்கூட எனக்குப் பச்சையாகத் தெரியும்.

மெஷின் பல வேலைகள் செய்யும் என்று சொல்லி விற்றிருந்தார்கள். எங்களுக்கு அது செய்தது இரண்டு. பதினோராயிரம் ஸ்பிரிங்குகளின் அளவு, கம்பி, கனம் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தது. அதைப் பார்த்து கேட் பாஸ் அடித்துக் கொடுத்தது. அந்த கேட் பாஸ் இல்லாமல் ஒரு லாரி வெளியே போக முடியாது. வாசலில் இருந்த வாட்ச்மேன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று ஆவடியில் குடியிருந்தவர். கம்ப்யூட்டர் கேட் பாஸ் இல்லையென்றால் மேனேஜருடைய காலி டிபன் கேரியரையே உள்ளே திருப்பி அனுப்பியவர்.

மெஷினை விற்றவர்களை நாங்கள் 'கம்பெனி' என்றே சொல்வோம். பெயர் வேண்டாம். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. ஆனால் அதன் வக்கீல்கள் எங்காவது இருக்கக்கூடும். ஒரு பேனா வாங்கினால் மையை எந்தக் கடையிலும் வாங்கி ஊற்றலாம். கம்பெனியிடம் மெஷின் வாங்கினால் பேப்பர் அவர்களிடம், ரிப்பன் அவர்களிடம், ஒயர் அவர்களிடம், துடைக்கிற துணிகூட அவர்களிடம்தான் வாங்க வேண்டும். வேறு யாராவது கதவைத் திறந்தால், அந்த நிமிடமே பராமரிப்பு ரத்து. உள்ளே இருக்கும் தகவலை வேறு மெஷினுக்கு எடுத்துப்போக வேண்டுமானாலும் கம்பெனி ஆள்தான் எடுக்க வேண்டும். கம்பெனி மெஷினுக்குத்தான் எடுக்க வேண்டும். நம் ஸ்பிரிங், நம் கணக்கு, நம் விரல் அடித்தது; ஆனாலும் அது அவர்கள் வீட்டுப் பெண். ஒப்பந்தம் முப்பத்திரண்டு பக்கம். அதை முழுக்கப் படித்தவன் நான் ஒருவன்தான். பி.ஏ. இலக்கியம் படித்தவனுக்குக் கற்பனைக் கதை என்றால் ஆசை.

அந்தக் கம்பெனி எங்கள் அறையில் நிரந்தரமாக உட்கார வைத்திருந்த இன்ஜினியர்தான் ஒரிஜினல். கம்பெனி நீலத்தில் சட்டை. கழுத்துச் சங்கிலியில் ஒரு சிலுவை, ஒரு சாவி. சிலுவை அவர் அம்மா போட்டது. சாவி மெஷின் கதவுடையது. காலையில் வந்ததும் கண்ணை மூடிச் சங்கிலியைத் தொட்டு முத்தமிடுவார். எதை முத்தமிட்டார் என்று பந்தயம் கட்டிய நண்பர்கள் உண்டு.

முதல் நாளே மெஷின்மேல் தூசியாக இருக்கிறதே என்று நல்ல எண்ணத்தில் துடைக்கப் போனேன்.

"என்ன துணி தம்பி அது?"

"கர்சீப் சார்."

"ஒரிஜினலா?"

"எங்கம்மா வாங்கினது சார்."

"அப்ப லோக்கல். உள்ள வை."

ஆயுத பூஜை வந்தது. லேத், பிரஸ், லாரி, வாட்ச்மேனின் சைக்கிள் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே ஊழியர்கள் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார்கள். ஒரிஜினல் கதவுக்குக் குறுக்கே நின்றார்.

"சந்தனம் வைக்கக் கூடாது. கம்பெனி அனுமதி இல்ல."

"ஊரே வெச்சுக்கினு கீது, இது ஒண்ணு மட்டும் மூளியா நிக்கணுமா? நல்லா கீதே நியாயம்!" என்று கத்தினார்கள். அறைக்கு வெளியே ஒரு சின்னக் கலவரம் உருவாகிக்கொண்டிருந்தது. ஒரிஜினல் கொஞ்சம் யோசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, நெற்றியை முன்னால் நீட்டினார்.

"மெஷினுக்கு வேணாம். அதுக்குப் பதிலா எனக்கு வைங்க."

வைத்தார்கள். ஒரு பொட்டோடு நிறுத்தவில்லை. பீரோ அளவு மெஷினுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும் வைத்தார்கள். எலுமிச்சம்பழத்தைக்கூட அவர் காலடியில்தான் நசுக்கினார்கள். கம்பெனிக்காகக் கற்பூர ஆரத்தி வாங்கிக்கொண்ட ஒரே கத்தோலிக்கர் அவராகத்தான் இருப்பார். பாதிரியாரிடம் என்ன சொன்னாரோ தெரியாது.

உதிரி பாகம் மாற்றுவது அவருக்கு ஒரு சடங்கு. மெஷின் படுத்ததும் பம்பாய்க்குக் கடிதம் எழுதுவார். இரண்டு நாள் கழித்து, "பார்சல் வந்துடுச்சு" என்று கம்பெனி முத்திரை போட்ட அட்டைப்பெட்டியோடு வருவார். எல்லோரையும் பார்க்க வைத்து டேப்பை வெட்டுவார். வைக்கோலுக்குள்ளிருந்து பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஏதோ ஒன்றைத் தூக்கி, "ஒரிஜினல்!" என்பார். பிறகு எங்களையெல்லாம் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொள்வார். அரை மணியில் பிரிண்டர் மழை கேட்கும். லாரி நகரும். பம்பாயிலிருந்து இரண்டே நாளில் பார்சல் வருகிறதே என்று மேனேஜர் மெச்சிப் போவார். அவர் மேஜைக்கு அடுத்த கட்டடத்தின் கடிதம் வரவே ஒரு வாரமாகும்.

நான் கவிதை எழுதுகிற வயதில் இருந்ததால் தேவையில்லாததையெல்லாம் கவனிப்பேன். ஒரு முறை வந்த பெட்டியின் வலது மூலையை எலி கடித்திருந்தது. பம்பாயில் எலி இருக்காதா என்று விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து வந்த புதுப் பார்சலிலும் வலது மூலையை எலி கடித்திருந்தது. அதற்கடுத்ததிலும் அதே மூலை, அதே பல் அடையாளம். பம்பாய் கிடங்கில் இவ்வளவு கட்டுப்பாடான ஓர் எலி வேலை பார்க்கிறதென்றால், அந்தக் கம்பெனி ஏன் முன்னேறாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மதியம் டீ குடிக்க எஸ்டேட்டின் பின்சந்துக்குப் போனேன். டீக்கடையை ஒட்டி ஏகாம்பரத்தின் லேத் பட்டறை. ஏகாம்பரம் பரம்பரையாக அந்த மண்ணில் இருந்தவர். எஸ்டேட் வந்தபோது நிலம் போயிற்று. மிச்சமிருந்த மாட்டுக்கொட்டகையில் லேத் போட்டார். பட்டறைக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது.

"அண்ணாத்தே, போன தபா செஞ்ச பல்சக்கரம் ஓடிக்கினு கீதா?"

"ஓடுது, ஓடுது. லோக்கலா இருந்தாலும் பரவால்ல."

"அது இன்னா லோக்கலு? உன் பம்பாய்க்காரன் சாமான் ஆறு மாசத்துல புட்டுக்கிச்சு. என்னுது, மொத மொத போட்டது, ரெண்டு வருசமா சுத்துது. எவன் லோக்கலு?"

எட்டிப் பார்த்தேன். நீலச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு, கையில் அரத்தோடு ஒரிஜினல் குந்தியிருந்தார். பக்கத்தில் எலி கடித்த பெட்டி.

அவர் முகம் வெளிறிவிட்டது. "தம்பி..." என்றார். ஏகாம்பரம்தான் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "குந்து நைனா. அதான் பாத்துட்ட இல்ல, முழுசா கேட்டுக்கினு போ."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார் ஒரிஜினல். முதன்முதலில் பிரிண்டர் பெல்ட் அறுந்தபோது பம்பாய்க்கு எழுதினார். 'கடிதம் கிடைத்தது' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். நான்கு மாதம் கழித்து வேறு மாடலின் பெல்ட் வந்தது. அதற்குள் வாசலில் ஆறு லாரி நின்றிருக்கும். நிற்கவில்லை. ஏனென்றால் இரண்டாம் நாளே அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவில் ஒரு தையல் மெஷின் பெல்ட் வாங்கி மாட்டிவிட்டார்.

"நம்ம கம்பெனி மானம் போவக் கூடாதேன்னு செஞ்சேன் தம்பி. ஒரு வாட்டின்னுதான் நெனச்சேன்."

"சொல்லிட்டுச் செய்யலாமே சார்?"

"சொன்னா எனக்கு வேலை போயிடும். அக்ரிமென்ட் படிச்சவன்தானே நீ? லோக்கல் பார்ட் போட்டா பராமரிப்பு ரத்து. போட்ட ஆளு என்ன ஆவான்?" அரத்தைக் கீழே வைத்தார். "எனக்கு நாப்பத்தஞ்சு ஆவுது. இருபது வருஷமா இந்தக் கம்பெனி மெஷினத் தவிர வேற எதையும் தெறந்து பாத்ததில்ல. பாக்க விட்டதில்ல. இங்கேருந்து அனுப்பிட்டா எவன் சேத்துப்பான்?"

அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்த அறையில் பூட்டியிருந்தது பதினோராயிரம் ஸ்பிரிங்குகள் மட்டும் இல்லை.

"நான் எதையும் பாக்கல சார்" என்றேன். "ஆனா பெட்டிய மாத்துங்க. எலி கடிச்சது எல்லாத்துலயும் தெரியுது."

பெட்டியை எடுத்து மூலையைத் தடவிப் பார்த்தார். அந்த நிலையிலும் அவருக்கு ஒரு பெருமை வந்தது.

"எலி ஒரிஜினல் தம்பி. பம்பாயிலயே கடிச்சது."

இப்படியே வருடங்கள் ஓடின. தொண்ணூறுகளின் நடுவில் ஊரில் சின்னச் சின்ன கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. எவன் வேண்டுமானாலும் திறக்கலாம், எந்தக் கடைச் சாமானையும் போடலாம். எங்கள் மேனேஜர் நான்கு வாங்கிப் போட ஆசைப்பட்டார். ஆனால் பதினோராயிரம் ஸ்பிரிங்கும் பீரோவுக்குள் இருந்தன. வெளியே எடுக்கலாமா என்று கம்பெனிக்கு எழுதினார். பதிலுக்கு ஒரு பெரிய அதிகாரியே பம்பாயிலிருந்து வந்துவிட்டார். அங்கேயே மாதுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர். கோட் போட்டிருந்தார். செருப்பைக் கழற்றவில்லை, ஷூ என்பதால் விதி பொருந்தாது என்று நினைத்தாரோ என்னவோ.

"இந்த மெஷினுக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சு" என்றார். "எங்க புது மாடல் வாங்கிக்கோங்கோ. டேட்டாவ அதுக்கு மாத்தித் தரோம்."

"எங்களுக்குச் சின்ன மெஷின் போதும் சார்" என்றார் மேனேஜர்.

"சின்ன மெஷினுக்கு மாத்த முடியாது. அக்ரிமென்ட்ல இடமில்ல. பழசையே வெச்சுப்பேள்னா அது எப்ப வேணா நின்னுடும். நின்னா உங்க கேட்டும் மூடிக்கும்."

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில், வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டிய ஒரே மனிதர் வாயைத் திறந்தார்.

"நிக்காது சார்" என்றார் ஒரிஜினல். அவருடைய மெஷினை நோயாளி என்று சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை.

"எப்படி நிக்காது? அஞ்சு வருஷமா நாங்க இந்த மாடலுக்கு ஒரு பார்ட்டுகூடத் தயாரிக்கறதில்ல. ஒரு பார்சல்கூட மெட்ராஸுக்கு அனுப்பினதில்ல."

அந்த ஐந்து வருடத்தில் ஒன்பது பார்சல்கள் பிரிக்கப்பட்டதை நாங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தோம். ஒன்பது முறை கைகூடத் தட்டியிருந்தோம். எல்லோரும் மெதுவாக ஒரிஜினல் பக்கம் திரும்பினோம். நான் மட்டும் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

"கதவத் திறங்கோ" என்றார் அதிகாரி.

ஒரிஜினல் சங்கிலியைத் தொட்டு முத்தமிட்டார். இந்த முறை முத்தமிட்டது சிலுவையைத்தான் என்று பந்தயம் கட்டாமலே எனக்குத் தெரியும். சாவியைப் போட்டுத் திறந்தார். இத்தனை வருடத்தில் நாங்கள் பார்க்காத உள்ளறை திறந்தது.

உள்ளே எங்கள் அம்பத்தூர் இருந்தது. தையல் மெஷின் பெல்ட். அதிர்வைத் தாங்க சைக்கிள் பிரேக் கட்டைகள். சூடு தணிக்க டேபிள் ஃபேனின் இறக்கை. ஏகாம்பரம் கடைந்த பல்சக்கரங்கள். தூசு விழாமல் இருக்க ஒரு சோப்பு டப்பாவின் மூடி. இதையெல்லாம் பிடித்து நிறுத்தியிருந்தவை, எங்கள் தொழிற்சாலையில் செய்த ஸ்பிரிங்குகள். எல்லாம் எண்ணெய் போட்டு, துடைத்து, பூஜை அறை மாதிரி இருந்தது. அத்தனையும் கச்சிதமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அதிகாரி சோப்பு டப்பா மூடியை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதுல... எங்க சாமான் எது?"

ஒரிஜினல் நிஜமாகவே தேடினார். குனிந்து பார்த்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். கடைசியில் கதவைச் சாத்தி, அதன்மேல் ஒட்டியிருந்த நீலச் சின்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"ஸ்டிக்கர் ஒரிஜினல் சார்."

அதிகாரி வெடித்துவிட்டார். "இது எங்க மெஷினே இல்ல! இதுக்கும் எங்க கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது!"

எங்கள் மேனேஜரைப் பற்றி நான் பல இடங்களில் கேலி எழுதியிருக்கிறேன். அத்தனைக்கும் இங்கே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். மனுஷன் ஒரு நொடி தாமதிக்கவில்லை. குரலில் தேனை ஊற்றிக்கொண்டு, "அத அப்படியே எழுதிக் குடுத்துடறீங்களா சார்? எங்க மேலிடத்துல கேப்பாங்க" என்றார்.

"தாராளமா! டைப் அடிக்கச் சொல்லுங்கோ!"

அடித்தவன் நான். 'இந்த இயந்திரம் எங்களுடையதல்ல. இதன்மேல் எங்களுக்கு எந்த உரிமையும் பொறுப்பும் இல்லை.' வாழ்க்கையில் பிழையில்லாமல் நான் அடித்த ஒரே கடிதம். அந்த மெஷினிலேயே அடித்தேன். அந்தப் பிரிண்டரே அதை மழையாகக் கொட்டியது. அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். அதன் அர்த்தம் கேட்டைத் தாண்டியதும் அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் கடிதத்தைத் திருப்பிக் கேட்க உள்ளே வர வாட்ச்மேன் விட்டிருக்க மாட்டார்.

மெஷின் கம்பெனியுடையது இல்லையென்றால் முப்பத்திரண்டு பக்கமும் வெறும் காகிதம். யார் வேண்டுமானாலும் திறக்கலாம். மேனேஜர் கேன்டீனில் எல்லோருக்கும் கேசரி போடச் சொன்னார். கேசரி சாப்பிடாதவர் ஒருவர்தான். அவர் அறையில் உட்கார்ந்து சாவியைச் சங்கிலியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் பம்பாயிலிருந்து ஒரு தபால் வந்தது. வேலை நீக்க உத்தரவு. அந்தக் கம்பெனியிலிருந்து அவருக்குத் தாமதமில்லாமல் வந்த முதல் சாமான் அதுதான். பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "பாரு தம்பி, மூலையெல்லாம் சுத்தமா இருக்கு" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். இரண்டு பேராலும் முடியவில்லை.

மறுநாள் வெள்ளைச் சட்டையில் வந்தார். ஏகாம்பரமும் அவரும் சேர்ந்து, எந்தக் கம்பெனியும் தயாரிக்காத ஒரு கேபிளைத் தயார் செய்தார்கள். ஒரு முனை பீரோவுக்குள், மறுமுனை புதுச் சின்ன கம்ப்யூட்டருக்குள். இரண்டு நாளில் பதினோராயிரம் ஸ்பிரிங்கும் ஒன்று குறையாமல் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன.

மேனேஜர் அவரை இங்கேயே வேலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரிஜினல் கேபிளைச் சுருட்டிக்கொண்டே மறுப்பாகத் தலையாட்டினார்.

"வேணாம் சார். இதே மெஷின வெச்சுக்கிட்டு எஸ்டேட்ல இன்னும் பத்துப் பதினஞ்சு பேரு பூட்டிக் கெடக்குறாங்க. அவங்கள யாரு பாக்குறது?"

ஏகாம்பரத்தின் பட்டறையில் பாதியைத் தடுத்துக் கடை போட்டார். ஒரே வருடத்தில் அத்தனை தொழிற்சாலைகளையும் கம்பெனியிடமிருந்து மீட்டுவிட்டார். ஆனால் ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் எந்த இடத்தில் பிரேக் கட்டை, எந்த இடத்தில் சோப்பு டப்பா என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதனால் எஸ்டேட் முழுக்க இப்போது அவரை விட்டு எங்கேயும் நகர முடியாமல் போயிற்று. பழைய பூட்டுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், கூப்பிட்டால் இந்தப் பூட்டு சைக்கிளில் வந்துவிடும்.

பல வருடம் கழித்து, எழுத்தாளனாகிவிட்டேன் என்ற நினைப்பில் வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்கினேன். மை தீர்ந்தது. வேறு கடையில் மை வாங்கிப் போட்டேன். 'இது எங்கள் தயாரிப்பு அல்ல' என்று சொல்லிவிட்டு அது கண்ணை மூடிக்கொண்டது. அந்த வாசகத்தை எங்கேயோ அடித்த ஞாபகம் வரவே, பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அம்பத்தூர் போனேன்.

ஒரிஜினலுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கழுத்தில் சிலுவை மட்டும். அலமாரிமேல், வலது மூலையை எலி கடித்த பெட்டி. பிரிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய கண்டிப்போடு கேட்டார்:

"ஒரிஜினல் போடவா தம்பி, லோக்கல் போடவா?"

"நீங்க போடறது எதுவோ, அதப் போடுங்க சார்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூடியைத் திறந்து உள்ளே கொஞ்ச நேரம் எதையோ தேடினார். பிறகு கையை மட்டும் என் பக்கம் நீட்டி, "தூசியா இருக்கு. கர்சீப் இருந்தா குடு" என்றார்.

கொடுத்தேன். ஒரிஜினலா என்று கேட்கவில்லை.